மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி: முதல் நாளிலிருந்து ஓராண்டு வரை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படுவது ‘கையை அசைக்காதே’ என்பதுதான். அடுத்தது, ‘நீ பேசாமல் படு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டுமே அந்தப் பெண்ணுக்குத் தீங்கு செய்பவை. அசைக்காமல் வைத்திருக்கும் தோள் சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். படுத்தே கிடக்கும் உடலில் தசை கரையும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், ஓய்வு எடுக்க எடுக்கக் களைப்பும் கூடிக்கொண்டே போகும். ஆகவே உடற்பயிற்சியை எல்லாச் சிகிச்சையும் முடிந்து தெம்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு மறுநாளே, விரல்களை மடக்கி விரிப்பதில் அது தொடங்க வேண்டும்.

மார்பகத்தை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ நீக்கி, அதனுடன் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்திருக்கும் பெண்களையும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசையை எடுத்து மார்பகத்தை மீண்டும் உருவாக்கியிருந்தாலும், உள்ளே சிலிக்கான் உறை வைத்திருந்தாலும் கால அட்டவணை மாறும். அப்படிப்பட்டவர்கள் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு கட்டத்தையும் தங்கள் அறுவை மருத்துவரிடம் காட்டி, நாள் கேட்டுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

எதற்காக இந்தப் பயிற்சி

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பல நாட்டு வல்லுநர்களைக் கூட்டி, அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2019இல் புற்றுநோயாளிகளுக்கான உடற்பயிற்சிப் பரிந்துரையை வெளியிட்டது. வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், மிதமான வேகத்தில் நடப்பது போன்ற பயிற்சியும், வாரத்தில் 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்தால் களைப்பு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை குறைகின்றன, உடலின் செயல்திறனும் வாழ்க்கைத் தரமும் உயர்கின்றன என்பது அதன் சாரம். பெருங்குடல் புற்றுநோயில் இதற்கும் மேலான செய்தி 2025இல் வந்தது. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில், 3 ஆண்டுகள் வழிகாட்டுதலோடு உடற்பயிற்சி செய்த குழுவில் 8 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 90.3 சதவீதம், அறிவுரைக் கையேடு மட்டும் பெற்ற குழுவில் 83.2 சதவீதம். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கிடைத்த இந்த எண்களை மார்பகப் புற்றுநோய்க்கு அப்படியே பொருத்திப் பேசுவது தவறு. ஆனால் உடற்பயிற்சி என்பது ‘செய்தால் நல்லது’ என்ற பட்டியலைக் கடந்து சிகிச்சையின் வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

வாழ்க்கைத் தரம் என்ற சொல்லைக் கேட்டதும் அது வசதியைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். மருத்துவத்தில் அது கேள்விகளால் அளக்கப்படுகிறது. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உருவாக்கி 1993இல் வெளியிட்ட 30 கேள்விகள் கொண்ட படிவம் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. கனமான பையைத் தூக்கிச் செல்லச் சிரமமாக இருக்கிறதா, நெடுந்தூரம் நடக்க முடிகிறதா, பகலில் படுக்கையிலேயே இருக்க வேண்டியுள்ளதா, உடுத்தவும் குளிக்கவும் பிறர் உதவி தேவைப்படுகிறதா, தூக்கம் வருகிறதா, கவலை வாட்டுகிறதா, நோய் குடும்ப வாழ்வுக்கு இடையூறாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி இரண்டு கேள்விகளில், கடந்த வாரத்தில் உங்கள் உடல்நலத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் 1 முதல் 7 வரை என்ன மதிப்பெண் தருவீர்கள் என்று அது கேட்கிறது.

இந்தக் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு குறிப்பேட்டில் அந்த மதிப்பெண்ணை எழுதி, அதன் கீழே உங்களால் மீண்டும் செய்ய முடிய வேண்டும் என்று நீங்கள் விரும்பும் மூன்று செயல்களை எழுதுங்கள். தலையைத் தானே பின்னிக்கொள்வதாக இருக்கலாம். உள்ளாடையின் பின்கொக்கியைக் கையை வளைத்து மாட்டுவதாக இருக்கலாம். கொடியில் துணி உலர்த்துவது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பது, மேல் அலமாரியிலிருந்து பருப்பு டப்பாவை எடுப்பது, பேரக்குழந்தையைத் தூக்குவது என எதுவாகவும் இருக்கலாம். பயிற்சியின் இலக்கு இந்த மூன்றும்தான். தோளை இத்தனை பாகை உயர்த்த வேண்டும் என்ற கணக்கைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார்; தலை பின்ன முடிகிறதா என்பது உங்களுக்கே தெரியும், அது தெரியும்போது அடுத்த நாளும் செய்ய மனம் வரும்.

முதல் கட்டம்: டிரெய்ன் குழாய் இருக்கும் நாட்கள்

அறுவை சிகிச்சைக்குப் பின் காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற ஒன்றோ இரண்டோ குழாய்கள் வைத்திருப்பார்கள். குழாய் இருக்கும்வரை அந்தப் பக்கக் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது பெரும்பாலான மருத்துவமனைகளில் வழக்கம். மிகச் சீக்கிரம் கையை முழுதும் உயர்த்தினால் காயத்தில் நீர் கோத்துக்கொள்வது கூடும் என்பதே காரணம். தோள் மட்டத்துக்குக் கீழே செய்யக்கூடியவற்றையோ முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

படுக்கையில் மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, நெஞ்சு விரிவதை உணர்ந்து, மெதுவாக வெளியே விடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு மூச்சு போதும். மென்மையான பந்து ஒன்றையோ சுருட்டிய கைத்துண்டையோ உள்ளங்கையில் வைத்து அழுத்தி விடுங்கள். முழங்கையை மடக்கி நீட்டுங்கள். இரண்டு தோள்களையும் காதை நோக்கி உயர்த்தி, பின்னோக்கிச் சுழற்றி, கீழே இறக்குங்கள். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாகப் பின்னால் நெருக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து தளர்த்துங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முதல் பத்து தடவை, நாளைக்கு மூன்று நான்கு வேளை செய்தால் போதும். காபி குடிக்கும் நேரம், சாப்பாட்டுக்கு முன், மாத்திரை போட்டுக்கொள்ளும்போது என்று ஏற்கெனவே உள்ள வேளைகளோடு இதைச் சேர்த்துவிட்டால் மறக்காது.

பயிற்சி என்று தனியாகச் செய்வதைப் போலவே அன்றாட வேலைகளில் அந்தக் கையை ஈடுபடுத்துவதும் முக்கியம். முகம் கழுவுவது, பல் துலக்குவது, சாப்பிடுவது, முழங்கையை ஒரு தலையணை மேல் ஊன்றியபடி முன்முடியை வாருவது ஆகியவற்றை அந்தக் கையாலேயே செய்யுங்கள். வலக்கைப் பக்கம் அறுவை செய்திருந்தால் ஸ்பூனை இடக்கைக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். படுக்கும்போது கையைத் தலையணை மேல், நெஞ்சு மட்டத்துக்குச் சற்று உயரமாக வைத்துக்கொண்டால் ஆரம்ப வீக்கம் வடியும். வலி மாத்திரையைத் தவிர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்வதில் எந்தப் பெருமையும் இல்லை. மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்தால் கை இன்னும் நன்றாக அசையும்.

நடையும் இந்த நாட்களிலேயே தொடங்க வேண்டியதுதான். வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை நடங்கள். டிரெய்ன் பையைத் தோளில் மாட்டக்கூடிய சிறு துணிப்பையில் போட்டுக்கொண்டால் குழாய் இழுபடாது.

இரண்டாம் கட்டம்: தோளை மீட்பது

குழாயை எடுத்தபின், மருத்துவரின் ஒப்புதலோடு, கையை முழு உயரத்துக்குக் கொண்டுவரும் பயிற்சிகள் தொடங்குகின்றன. இந்தக் கட்டத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இங்கிலாந்தில் தோள் பாதிப்புக்கு வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களிடம் நடத்தி 2021இல் வெளியான சோதனையில், அறுவை சிகிச்சைக்குப் பின் 7 முதல் 10 நாட்களுக்குள் பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டுதலோடு தொடங்கிய பெண்களுக்கு, ஓராண்டுக்குப் பின் கையின் இயக்கம், தகவல் தாள் மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களைவிட நன்றாக இருந்தது. சீக்கிரம் தொடங்கியதால் காயச் சிக்கல்கள் கூடவில்லை.

முதலில் கோல் பயிற்சி. துடைப்பக் கட்டையோ மடக்கிய குடையோ போதும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கோலை இரண்டு கைகளாலும் தோள் அகலத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல கை தூக்க, அறுவை செய்த கை அதன் உதவியோடு கூடவே போக, இரண்டும் தலைக்கு மேலே செல்லட்டும். இழுப்பதுபோல் உணரும் இடத்தில் நிறுத்தி, ஐந்து எண்ணி, இறக்குங்கள். ஐந்து முதல் ஏழு தடவை. அதே படுக்கை நிலையில், விரல்களைக் கோத்துப் பிடரியின் கீழ் வைத்து, முழங்கைகள் இரண்டையும் விரித்துப் படுக்கையை நோக்கி இறக்குவது அடுத்தது. ஆரம்பத்தில் முழங்கை அந்தரத்திலேயே நிற்கும். அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, வாரம் செல்லச் செல்ல அதை மெல்லியதாக்கிக்கொள்ளலாம்.

பிறகு சுவர் ஏறுதல். சுவரைப் பார்த்து ஓரடி தள்ளி நின்று, விரல்களால் சுவரில் ஊர்ந்து மேலே போங்கள். எட்டிய உயரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவையுங்கள். நல்ல கை எட்டும் உயரத்திலும் ஒன்றை ஒட்டிவிட்டால், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மீதமுள்ள வேலை என்பது கண்ணுக்குத் தெரியும். முகத்தைச் சுவருக்குக் காட்டிச் செய்வது எளிதாக வந்தபின், பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். இது கடினமானது, பொட்டு கீழேதான் நிற்கும், அதனால் மனம் தளர வேண்டாம். கடைசியாக, குளித்த துண்டை முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பிடித்து, மேலே உள்ள நல்ல கை இழுக்க, கீழே உள்ள கை முதுகில் ஏறும் பயிற்சி. உள்ளாடைக் கொக்கி எட்டுவது இதில்தான் இருக்கிறது.

எவ்வளவு வலி வரை போகலாம் என்ற கேள்விக்கு விடை இதுதான்: இழுப்பது, இறுக்குவது போன்ற உணர்வு இருக்கலாம், அது பயிற்சியை நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கிவிட வேண்டும். சுருக்கென்று குத்தும் வலியோ, மறுநாள் காலையிலும் தொடரும் வலியோ வந்தால் தூரத்தையும் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். முழுதாக நிறுத்திவிட வேண்டாம்.

இந்த வாரங்களில் பெண்களை மிரளவைக்கும் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, மேற்கையின் உட்புறத்திலும் அக்குளிலும் மரத்துப்போவது, எரிவது, ஊசி குத்துவதுபோல் இருப்பது. அக்குள் முடிச்சுகளை எடுக்கும்போது அவ்வழியே போகும் தோல் நரம்பு பாதிக்கப்படுவதால் இது வருகிறது. பயிற்சியால் வந்ததும் அல்ல, பயிற்சியால் கூடுவதும் அல்ல. ஆனால் உணர்ச்சி இல்லாத அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுக்கவே கூடாது. தோல் வெந்து கொப்புளம் கிளம்பும்வரை சூடு தெரியாது. மற்றொன்று, கையைத் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கை வரை, சிலருக்கு மணிக்கட்டு வரையும், தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விறைத்து நிற்பது. இதைக் கண்டதும் நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்து கையை மடக்கி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது நிணநீர்ப் பாதைகள் இறுகுவதால் வருவது. மென்மையாக நீட்டும் பயிற்சியில் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகிவிடும். பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினால் அதற்கென உள்ள நீட்டல் முறைகளைச் சொல்லித்தருவார்.

கூனிக்கொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய வலி ஒரு பக்கம், நெஞ்சு வெறுமையாகத் தெரிகிறதே என்ற கூச்சம் மறுபக்கம் என, பல பெண்கள் தோளை முன்னால் குறுக்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே நடக்கிறார்கள். அப்படி நடந்தால் கழுத்து வலியும் முதுகு வலியும் பின்தொடரும், தோளும் உயராது. காயம் ஆறும்வரை பஞ்சு வைத்த எடை குறைந்த துணி மார்பகத்தையும், அதன்பின் மருத்துவர் சொல்லும் காலத்தில் எடையுள்ள சிலிக்கான் மார்பகத்தையும் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வது தோற்றத்துக்காக மட்டுமல்ல. இரு பக்க எடையும் சமமாவதால் நிமிர்ந்து நிற்க உடலுக்கு உதவுகிறது. வேண்டாம் என்று விட்டுவிடுவதும் அவரவர் உரிமை. அப்போதும் நாளைக்கு இருமுறை சுவரில் தலை, தோள்பட்டை, இடுப்பு மூன்றும் படும்படி ஒரு நிமிடம் நிற்கும் பழக்கம் இருக்கட்டும்.

அடுத்து கதிரியக்கச் சிகிச்சை, ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது, இருக்கிறதென்றால் இந்தக் கட்டத்தைத் தள்ளிப்போட முடியாது. அந்த மேசையில் கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். கை உயராதவர்களுக்குச் சிகிச்சையே தாமதமாகலாம். கதிரியக்கம் தசையையும் தோலையும் மெல்ல மெல்ல இறுக்கும், அது முடிந்த பல மாதங்கள் வரையும் தொடரும். ஆகவே கோல் பயிற்சியும் சுவர் பயிற்சியும் அந்த வாரங்களிலும், அதன் பிறகும் நீண்ட காலம் நாள்தோறும் இருக்க வேண்டும்.

மூன்றாம் கட்டம்: நடை

வீட்டுக்குள் ஐந்து நிமிடமாக இருந்த நடையை, வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒரே மூச்சில் 30 நிமிடம் நடக்க முடியாவிட்டால் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் பலன் உண்டு. வேகத்தை அறிய எளிய வழி: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும். அதுதான் மிதமான வேகம். பாடவும் முடிகிறதென்றால் சற்று வேகம் கூட்டலாம். பேச்சே திணறினால் குறைக்க வேண்டும்.

நம் வெயிலில் காலை 7 மணிக்குள், இல்லாவிட்டால் மாலை 5 மணிக்கு மேல்தான் வெளியே நடக்க முடியும். தலைமுடி கொட்டியிருக்கும் நாட்களில் தெருவில் எதிர்ப்படுபவர்களின் கேள்விகளுக்குப் பயந்து பல பெண்கள் நடையையே விட்டுவிடுகிறார்கள். மொட்டை மாடி இருக்கிறது, விடிகாலையில் பள்ளி மைதானம் இருக்கிறது, கோயில் பிரகாரம் இருக்கிறது. தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு மகளோடோ தங்கையோடோ போய்வரலாம். உடன் வரும் ஒருவர் இருந்தால் நடை நிற்காது என்பது எல்லா ஊரிலும் உண்மை.

கீமோ நடக்கும் மாதங்களில் நடையின் அளவு ஏறி இறங்கும். மருந்து ஏற்றிய பின் வரும் சில நாட்கள் மோசமாக இருக்கும். அந்நாட்களில் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டு, தெம்பு திரும்பும் வாரத்தில் மறுபடி கூட்டுங்கள். இந்தக் களைப்பைப் பற்றி ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: உழைத்த களைப்பு படுத்தால் தீரும், புற்றுநோய்ச் சிகிச்சையின் களைப்பு படுத்தால் தீராது. அதைக் குறைப்பதற்கு இருக்கும் வழிகளில் நன்கு நிரூபணமானவற்றுள் ஒன்று உடலியக்கம்தான். எழுந்திருக்கவே மனமில்லாத நாளில் ஐந்து நிமிடம் மட்டும் நடப்பேன் என்று தொடங்குங்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும் முடியவில்லை என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள், அன்றைக்கு அதுவே போதும். பக்லிடாக்சல் போன்ற மருந்துகளால் பாதம் மரத்துப்போயிருந்தால் வழுக்காத, பின்புறம் பட்டை உள்ள செருப்போ ஷூவோ அணிந்து சமதளத்தில் மட்டும் நடக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் இடுப்பில் நான்கு மிட்டாய் செருகிக்கொள்வது பாதுகாப்பு.

நான்காம் கட்டம்: எடையும், கை வீங்கிவிடும் என்ற பயமும்

அக்குளிலுள்ள முடிச்சுகளைப் பரவலாக எடுத்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் 1 வருக்கு, பின்னர் எப்போதாவது அந்தக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வருகிறது. ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு. இந்த வீக்கத்தின் பெயரால்தான், வாழ்நாள் முழுதும் அந்தக் கையால் எதையும் தூக்காதே என்ற அறிவுரை பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதியினர் வாரம் இருமுறை எடைப் பயிற்சி செய்தனர். ஓராண்டு முடிவில், 2009இல் வெளியான அறிக்கையின்படி, அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவது பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதத்தினருக்கும், செய்யாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நேர்ந்தது. அடுத்த ஆண்டு, வீக்கம் இல்லாத 154 பெண்களைப் பற்றிய அறிக்கை வந்தது. அவர்களில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகள் எடுக்கப்பட்டவர்களிடையே, பயிற்சி செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 22 சதவீதத்தினருக்கும் புதிதாக வீக்கம் வந்தது.

இந்த எண்களைப் படித்துவிட்டு நாளைக்கே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடக் கூடாது. அந்தப் பெண்கள் மிகக் குறைந்த எடையில் தொடங்கி, முதல் 13 வாரம் பயிற்சியாளரின் கண்காணிப்பில், மிக மெதுவாகக் கூட்டினார்கள். வீக்கம் உள்ளவர்கள் பயிற்சியின்போது கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்தார்கள். பாதுகாப்பு அந்த முறையில்தான் இருக்கிறது. பழக்கமில்லாத கையைத் திடீரெனப் பெரிய எடைக்கு உட்படுத்துவது எப்போதுமே தவறு.

ஆகவே அறுவை சிகிச்சைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் கடந்து, காயம் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகு, வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, இப்படித் தொடங்கலாம். கை வைக்காத நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது எட்டு தடவை. சுவரில் கை ஊன்றிச் சாய்ந்து தள்ளுவது எட்டு தடவை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முழங்கையை மடக்குவது, பக்கவாட்டில் தோள் மட்டம் வரை உயர்த்துவது, ஒவ்வொன்றும் எட்டு தடவை. குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து தடவை. இவற்றைச் சிறிது ஓய்வுக்குப் பின் இன்னொரு சுற்று செய்யுங்கள். எண்ணிக்கையை வாரந்தோறும் கூட்டி, 15 தடவை சிரமமின்றி வந்தபின், கையில் எந்த மாற்றமும் இல்லையென்றால் மட்டும், அரைக் கிலோவை ஒரு கிலோவாக்குங்கள். இடையில் ஒரு வாரத்துக்கு மேல் பயிற்சி விட்டுப்போயிருந்தால், விட்ட எடையில் தொடராமல் குறைத்துத் தொடங்குங்கள்.

கையைக் கவனிக்க ஒரு தையல் டேப் போதும். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலும், முழங்கை மடிப்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழேயும் மேலேயும் சுற்றளவு எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை எடுத்திருந்தால் இன்னும் நல்லது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலக்கை இயல்பாகவே சற்றுப் பருமனாக இருக்கும். ஏதாவது ஓரிடத்தில் வித்தியாசம் 2 சென்டிமீட்டர் கூடினாலோ, வளையலும் மோதிரமும் இறுகினாலோ, ரவிக்கைக் கை திடீரெனப் பிடித்தாலோ, கை கனத்தாலோ காத்திருக்காமல் காட்டுங்கள். ஆரம்ப வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது எளிது, நாட்பட்டால் தோல் தடித்துவிடும். அரிவாள்மனையில் வெட்டிக்கொள்வது, அடுப்பில் சுட்டுக்கொள்வது, கொசுக்கடியைச் சொறிந்து புண்ணாக்குவது ஆகியவை அந்தக் கையில் கிருமித் தொற்றாக மாறி வீக்கத்தைத் தூண்டும் என்பதால், சிறு காயத்தையும் உடனே கழுவி மருந்து போட வேண்டும்.

வீட்டு வேலை எதைச் செய்யலாம் என்று குடும்பத்தார் கேட்பார்கள். கீரை ஆய்வது, பூத் தொடுப்பது, துணி மடிப்பது, தோசை வார்ப்பது ஆகியவை முதல் வாரங்களிலேயே நல்லவை. கூட்டுவது, சிறு துணிகளை அலசுவது போன்ற, ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் வேலைகள் அதற்குப் பிறகு. குடம், கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர், நனைந்த போர்வை ஆகிய நான்கையும் முதல் சில மாதங்களுக்கு வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். வேலையையே பிடுங்கிக்கொண்டு உட்காரவைப்பதைவிட இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்வது உண்மையான உதவி.

எப்போது நிறுத்த வேண்டும்

கீமோ காலத்தில் 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால் பயிற்சியைப் பற்றிய பேச்சே இல்லை; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரவானாலும். நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், அறுவை செய்த பக்கக் கை சிவந்து சூடாவது, காயத்திலிருந்து நீர் வடிவது ஆகியவற்றுக்கும் இதே விதிதான். முதுகிலோ இடுப்பிலோ இரவிலும் விடாத புதிய எலும்பு வலி இருந்தால் எடைப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்புக்கு நோய் பரவியிருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவர்கள் குனிந்து எடை தூக்குவது, உடலை முறுக்குவது, குதிப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கும் நடை உண்டு, ஆனால் திட்டத்தை மருத்துவக் குழு வகுக்க வேண்டும். இரத்தச் சோகையோ, தட்டணுக் குறைவோ இருப்பவர்கள் அந்த வார அறிக்கையைக் காட்டி அளவு கேட்டுக்கொள்ளலாம். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் மருந்துகள் எடுப்பவர்கள் எக்கோ எனும் இதயப் பரிசோதனையின் முடிவு வந்தபின் வேகத்தைக் கூட்டுவது நல்லது.

யாரிடம் கற்றுக்கொள்வது

அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையிலேயே பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறதா என்று வீட்டுக்குப் புறப்படும் நாளிலேயே கேளுங்கள். கேட்டால்தான் அனுப்புவார்கள் என்ற நிலை இன்னும் பல இடங்களில் உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரப்படும் சேவைகளில் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். நகரத்துக்குப் போய்வர இயலாத பெண்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்கலாம். மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் ஒருவர் தோளைத் தொட்டுப் பார்ப்பதற்குக் காணொளிகள் ஈடாகா.

யோகாசனம் பழகியவர்கள் தொடரலாம். மூச்சுப் பயிற்சிக்கும் உட்கார்ந்து செய்யும் ஆசனங்களுக்கும் தடையில்லை. கைகளில் உடல் எடையைத் தாங்கும் ஆசனங்களை மட்டும் எடைப் பயிற்சி நன்கு பழகும்வரை ஒத்திவைக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

சிகிச்சையின் பெரும்பகுதி முடிந்து, முடி வளர்ந்து, பார்ப்பவர்கள் ‘இப்போது நன்றாகத் தேறிவிட்டாயே’ என்று சொல்லத் தொடங்கும்போது பயிற்சி நின்றுபோவது மிகச் சாதாரணம். ஆனால் பலருக்கு ஹார்மோன் மாத்திரைகளின் ஐந்து, பத்து ஆண்டுகள் அப்போதுதான் தொடங்குகின்றன. லெட்ரசோல், அனாஸ்ட்ரசோல் எடுப்பவர்களுக்கு மூட்டு வலி வருகிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது. மூட்டு வலிக்குப் பயந்து மாத்திரையையே விட்டுவிடுபவர்கள் உண்டு, அது ஆபத்தானது. வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் இந்த மூட்டு வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பாதி உட்கார்ந்து எழும் பயிற்சியையும் படியேறுவதையும் சேர்த்துக்கொண்டால் இடுப்பெலும்புக்கும் பலம். எலும்பு அடர்த்திச் சோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மதிப்பெண், டேப் அளவு, வாரத்தில் நடந்த நிமிடங்கள், மூன்று செயல்களில் எவை முடிகின்றன என்பவை எழுதியிருந்தால், ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று மருத்துவர் கேட்கும்போது ‘பரவாயில்லை’ என்று சொல்லி எழுந்துவர வேண்டியிராது. ஆறு மாதமாகியும் தலை பின்ன முடியவில்லை என்பது எழுத்தில் இருந்தால் மருத்துவர் தோளைச் சோதித்துப் பார்த்துப் பிசியோதெரபிக்கு மறுபடி அனுப்ப முடியும். தாமதமாகத் தொடங்கும் தோளுக்குக் கூடுதல் காலம் பிடிக்கும், ஆனாலும் முன்னேற்றம் உண்டு. ஆகவே ஓராண்டு கழித்து இதைப் படிப்பவரும் கோல் பயிற்சியிலிருந்தே தொடங்கலாம்.